இரண்டு கார்களும் ஒரு கேள்வியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

விடுதியில் என் அறை நண்பரின் கட்டிலுக்கு மேலே, சுவரில் ஒரு கார்ப் படம் ஒட்டப்பட்டிருக்கிறது. 1959-ஆம் ஆண்டின் அமெரிக்க காடிலாக் அது. வானில் பறக்க வேண்டியது வழி தவறித் தரையில் இறங்கிவிட்டதோ என்று ஐயுறும்படி பின்புறத்தில் இரண்டு பெரிய துடுப்புகள். ஒவ்வொரு துடுப்பிலும் நெருப்பைக் கக்குவது போல் இரண்டு சிவப்பு விளக்குகள். என் நோட்டுப் புத்தகத்தின் உள்ளட்டையில் ஒட்டியிருப்பதும் ஓர் அமெரிக்கக் கார்தான். ஆனால் அது கிழவி. பெட்டி போன்ற உடலும், மெலிந்த சக்கரங்களுமாக நிற்கும் போர்டு நிறுவனத்தின் 'மாடல் டி'.

இவ்விரண்டில் எது சிறந்தது என்று இரவு உணவுக்குப் பின் தொடங்கும் எங்கள் சொற்போர், விளக்கணைக்கும் நேரம் வரை நீள்வதுண்டு. "ஆளுக்கொரு சைக்கிள் கூட இல்லை, அமெரிக்கக் காருக்கு அடித்துக்கொள்கிறார்கள்" என்று பக்கத்து அறை நண்பர்கள் கேலி செய்வார்கள். கேலி நியாயமானதுதான். ஆயினும் இந்தச் சண்டைக்குள்ளே ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது. மனிதன் இயந்திரங்களைச் செய்வது எதற்காக? வாழ்க்கைக்கு உதவுவதற்காகவா, பிறர் முன் உயர்ந்து நிற்பதற்காகவா? அறிவியல் படிக்கும் நாம் நாளை எதையேனும் செய்யப் போகிறவர்கள். ஆகவே இக்கேள்வியிலிருந்து நாம் தப்ப முடியாது.

ஒரு தாய் மக்கள்

முதலில் பலரும் அறியாத ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டு கார்களும் ஒரே வயிற்றில் பிறந்தவை. ஹென்றி போர்டு தம் பெயரில் அமைந்த கம்பெனியின் பங்குதாரர்களோடு ஒத்துப்போகாமல் 1902-ல் வெளியேறினார். எஞ்சிய கம்பெனியை ஹென்றி லேலண்ட் என்ற பொறியியல் வல்லுநரின் துணையோடு திருத்தி அமைத்தார்கள். புதிய பெயர் காடிலாக். 1701-ல் டெட்ராய்ட் நகருக்கு அடிகோலிய பிரெஞ்சுக்காரரின் பெயர் அது. வெளியேறிய போர்டு மறு ஆண்டே, 1903-ல், போர்டு மோட்டார் கம்பெனியை நிறுவினார். ஒரு வீட்டில் பாகப் பிரிவினை நடந்து அண்ணன் தம்பி தனித்தனியே அடுப்பு மூட்டியது போல அமெரிக்கக் கார் வரலாறு தொடங்குகிறது.

இன்னொரு வியப்பும் உண்டு. 1908-ல், மாடல் டி பிறந்த அதே ஆண்டில், காடிலாக் பெரும் புகழ் ஒன்றை ஈட்டியது. இங்கிலாந்தில் மூன்று காடிலாக் கார்களைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். பாகங்களை ஒன்றோடொன்று கலந்தார்கள். கலந்த குவியலிலிருந்து மறுபடியும் மூன்று கார்களைப் பூட்டி 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே அரத்தால் தேய்த்துப் பொருத்திய அந்நாளில் இது ஓர் அதிசயம். இதற்காக டியூவர் கோப்பை காடிலாக்குக்குக் கிடைத்தது. பிற்காலத்தில் துடுப்புக்குப் பெயர் பெற்ற கம்பெனி, தொடக்கத்தில் துல்லியத்துக்குப் பெயர் பெற்றிருந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

தகர லிஸ்ஸியின் சிறப்பு

1908 அக்டோபரில் மாடல் டி விற்பனைக்கு வந்தது. நான்கு சிலிண்டர், 2.9 லிட்டர் எஞ்சின், 20 குதிரைத் திறன். முழு மூச்சில் ஓடினால் மணிக்கு 40 முதல் 45 மைல். இன்றைய கணக்கில் இது ஒன்றுமே இல்லை. ஆனால் அன்றைய அமெரிக்கக் கிராமச் சாலைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். மழை பெய்தால் சேறு; வெயில் அடித்தால் பள்ளமும் புழுதியும். அந்தப் பாதையில் போக வேண்டிய குடியானவனுக்காகவே இது தரையிலிருந்து உயர்த்திக் கட்டப்பட்டது. எடை குறைவாக, வலிமை மிகுதியாக இருக்க வனேடியம் கலந்த எஃகைப் பயன்படுத்தினார்கள்.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் என்னைக் கவர்ந்தது இதன் எளிமை. ரேடியேட்டருக்குத் தண்ணீரைச் செலுத்த இதில் தனிப் பம்பு இல்லை. சூடான நீர் மேலேறும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்ற வெப்பச்சலன விதியே அந்த வேலையைச் செய்தது. மின்பொறிக்கு மின்கல அடுக்கை நம்பியிருக்க வேண்டியதில்லை. பிளைவீலில் 16 காந்தங்களைப் பொருத்தி, எதிரே 16 கம்பிச் சுருள்களை அசையாமல் நிறுத்தி வைத்தார்கள். எஞ்சின் சுழலச் சுழல மின்சாரம் பிறந்தது. பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலை நாம் ஆய்வுக்கூடத்தில் கால்வனாமீட்டர் முள் அசைவதைப் பார்த்துப் படிக்கிறோம். அதே தத்துவம் சேற்றிலும் புழுதியிலும் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓடியது.

பெட்ரோல் தொட்டி இருக்கைக்கு அடியில் இருந்தது. எவ்வளவு மீதம் இருக்கிறது என்று பார்க்க இருக்கையைத் தூக்கி ஒரு குச்சியை விட்டு அளப்பார்கள். தொட்டியிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் தன் எடையாலேயே வழிந்து ஓடியது. இதனால் ஒரு வேடிக்கையும் நேர்ந்தது. செங்குத்தான மேட்டில் ஏறும்போது எஞ்சின் தொட்டிக்கு மேலே போய்விடும், பெட்ரோல் வராது. ஓட்டுநர் வண்டியைத் திருப்பிப் பின்புறமாகவே மேட்டில் ஏற்றுவார். கோளாறு என்ன, அதைச் சமாளிப்பது எப்படி என்பதெல்லாம் உரியவருக்கே தெரியும். இதுதான் நான் சொல்ல வரும் முதல் சிறப்பு. மாடல் டி தன்னை வைத்திருந்தவருக்கு எதையும் மறைக்கவில்லை.

குடியானவர்கள் இதை வெறும் காராக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கி, அதில் பெல்ட்டை மாட்டி, மரம் அறுக்கவும் தண்ணீர் இறைக்கவும் பழக்கினார்கள். வாரத்தில் ஆறு நாள் பண்ணையில் உழைத்த கார், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு தேவாலயத்துக்கும் போனது. 'தகர லிஸ்ஸி' என்று மக்கள் செல்லப்பெயர் வைத்தது சும்மாவா?

எல்லாவற்றுக்கும் மேலானது விலை. 1908-ல் ஐவர் அமரும் கார் 850 டாலர். நாளாக நாளாகப் பொருள்களின் விலை ஏறும் என்பதே நாம் கண்ட உலகம். இங்கே இறங்கியது! 1925-ல் இருவர் அமரும் மாடல் டி 260 டாலருக்குக் கிடைத்தது. நாள் ஒன்றுக்கு 5 டாலர் கூலி பெறும் தொழிலாளிக்கு அது 52 நாள் உழைப்பு. 1927 மே மாதத்தில் உற்பத்தி நிற்கும் வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. 1972-ல் ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் பீட்டில் முந்தும் வரை அந்த எண்ணிக்கையை எந்தக் காரும் எட்டவில்லை.

துடுப்பு முளைத்த கதை

இனி நண்பரின் காருக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரின்போது ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல், பி-38 என்னும் இரட்டை வால் போர் விமானத்தைப் பார்த்தார். அந்த வாலின் சாயல் 1948-ஆம் ஆண்டு காடிலாக்கின் பின்புறத்தில் சிறு புடைப்பாக முளைத்தது. மக்கள் விரும்பினார்கள். கிரைஸ்லர் கம்பெனி 1957-ல் இன்னும் உயரமான துடுப்புகளோடு களத்தில் இறங்கியது. நீயா நானா என்ற போட்டியில் 1959-ல் காடிலாக்கின் துடுப்பு உச்சத்தைத் தொட்டது. ஸ்புட்னிக் வானில் சுற்றிய 1957-க்குப் பின் உலகமே ராக்கெட் மயக்கத்தில் இருந்த காலம் அது.

அந்தக் காரின் நீளம் 225 அங்குலம். அதாவது 18 அடி 9 அங்குலம். மாடல் டி-யின் நீளமோ ஏறத்தாழ 11 அடி. காடிலாக்கின் எஞ்சின் எட்டு சிலிண்டர், 6.4 லிட்டர், 325 குதிரைத் திறன். ஐந்து பேரை ஏற்றிச் சென்ற பழைய காரைவிட ஒரே ஒருவரைக் கூடுதலாக ஏற்றிச் செல்லப் பதினாறு மடங்கு திறன்! கியரைக் கையால் மாற்ற வேண்டியதில்லை, தானே மாறும். ஸ்டியரிங்கை ஒரு விரலால் திருப்பலாம். அக்காரில் பயணம் செய்வது தொட்டிலில் ஆடுவது போல் இருக்கும் என்று நண்பர் கண்களை மூடிக்கொண்டு வருணிப்பார். இருவரும் அதில் ஏறியதில்லை. ஆகவே மறுக்க வழியில்லை.

விலையைப் பார்ப்போம். காடிலாக் வரிசையில் எல்டொராடோ பியாரிட்ஸ் என்ற திறந்த கூரைக் காரின் விலை 7,401 டாலர். அந்த 1959-ல் அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் இடைநிலை ஆண்டு வருமானம் ஏறத்தாழ 5,400 டாலர். பாதிக் குடும்பங்கள் ஆண்டு முழுவதும் உண்ணாமல் உடுக்காமல் சேர்த்தாலும் அந்தக் காரை வாங்க முடியாது.

அந்தத் துடுப்பால் என்ன பயன்? அடுத்த ஆண்டே, 1960-ல், அதைத் தாழ்த்தினார்கள். 1965-க்குள் அது மறைந்தே போனது. பயனுள்ள உறுப்பாக இருந்திருந்தால் ஆறு ஆண்டுகளில் மறையுமா? சென்ற ஆண்டின் கார் பழசாகத் தோன்ற வேண்டும் என்பதற்காகவே ஆண்டுதோறும் உருவத்தை மாற்றும் வணிக முறை அது. ஓடாத வண்டியை மாற்றுவது தேவை. ஓடும் வண்டியை வெட்கப்பட்டு மாற்றுவதை என்னவென்பது? பிராங்க்ளின் ஃபிஷர், ட்ஸ்வி கிரிலிகஸ், கார்ல் கேசன் என்னும் மூன்று பொருளியல் அறிஞர்கள் 1962-ல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஆண்டுதோறும் வடிவை மாற்றியதும் காரைப் பெரிதாக்கியதும் ஆக மொத்தம், 1950-களின் பிற்பகுதியில் ஒரு காருக்கு 700 டாலருக்கு மேல் செலவு வைத்தன என்று கண்டார்கள். காரின் விலையில் அது கால் பங்குக்கும் அதிகம். பெட்ரோலும் அதற்கேற்பக் கரைந்தது.

உயிர்ச் சேதத்தையும் மறக்கலாகாது. கூரிய துடுப்புகள் நடந்து செல்வோரையும் வண்டியில் செல்வோரையும் குத்திக் காயப்படுத்தியதை ரால்ஃப் நேடர் 1965-ல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். அழகுக்குக் கோடி கோடியாகச் செலவிட்ட தொழில், இருக்கை வார் என்ற ஒரு துண்டுப் பட்டையை எல்லாக் கார்களிலும் வைக்க 1960-களில் சட்டம் வர வேண்டியிருந்தது.

மறுபக்கமும் உண்டு

இத்தனையும் சொல்லிவிட்டு, "ஆகவே மாடல் டி வென்றது" என்று நான் எழுந்து நின்றபோதுதான் நண்பர் கேட்டார்: "நீ ஓட்டியவனைப் பற்றியே பேசுகிறாய். செய்தவனைப் பற்றிப் பேசினாயா?"

நியாயமான கேள்வி. மாடல் டி மலிவானது எப்படி? 1913-ல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் போர்டு நகரும் உற்பத்தி வரிசையை அமைத்தார். தொழிலாளி நின்ற இடத்தில் நிற்க, வண்டி அவனிடம் நகர்ந்து வந்தது. ஒரு வண்டியின் அடிச்சட்டத்தைப் பூட்டப் பன்னிரண்டரை மணி நேரம் ஆனது போய், 93 நிமிடம் போதும் என்று ஆயிற்று. ஆனால் அந்த 93 நிமிடத்தில் ஒரு தொழிலாளியின் பங்கு ஒரு மரையைத் திருகுவது மட்டுமே. காலை முதல் மாலை வரை அதே மரை. ஆள்கள் தாங்காமல் ஓடினார்கள். ஏறத்தாழ 14,000 பேரைப் பணியில் வைத்திருக்க 1913-ல் 52,000 பேருக்கு மேல் வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. அதன் பிறகே, 1914 ஜனவரியில், 2.34 டாலராக இருந்த நாள் கூலி 5 டாலராகவும், 9 மணி நேர வேலை 8 மணி நேரமாகவும் மாறின. அந்தக் கூலிக்கும் நிபந்தனைகள் இருந்தன. தொழிலாளி குடிக்கிறானா, வீட்டைத் துப்புரவாக வைத்திருக்கிறானா என்று பார்க்கக் கம்பெனி ஆள்கள் வீட்டுக்கே வந்தார்கள்.

வாங்கியவனுக்கு வண்டி முழுவதும் விளங்கியது. செய்தவனுக்கோ ஒரு மரைக்கு மேல் விளங்க வழியில்லை. என் கட்சிக்கு இது பெரிய அடி என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

காடிலாக்கைச் செய்த ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் பிளின்ட் நகரில் 44 நாள் தொழிற்சாலைக்குள்ளேயே அமர்ந்து போராடி, 1937 பிப்ரவரியில் சங்க உரிமை பெற்றார்கள். 1950 ஒப்பந்தத்தில் ஓய்வூதியமும், விலைவாசிக்கு ஏற்ற ஊதிய உயர்வும் கிடைத்தன. போர்டு நிறுவனமோ 1941-ல் தான் சங்கத்தோடு கையெழுத்திட்டது. ஆடம்பரக் கார் தன்னைச் செய்தவனுக்கு வயிறார உணவிட்டது. ஆயினும் அது கம்பெனியின் கருணையோ துடுப்பின் மகிமையோ ஆகாது, போராடிப் பெற்றது. மாடல் டி போன்ற காரைச் செய்யும் தொழிலாளிக்கும் அந்த உரிமை கிடைக்கத் தடை ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. மாடல் டி-யை இயக்க முன்புறக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். கொஞ்சம் தவறினால் அது எதிர்த்திசையில் உதைத்து மணிக்கட்டை முறிக்கும். வலுவில்லாதவர்கள் அதை நெருங்கவே அஞ்சினார்கள். மின்சாரத்தால் இயங்கும் தொடக்கியை, சார்லஸ் கெட்டரிங் வகுத்த முறையில், 1912-ஆம் ஆண்டு கார்களிலேயே கொண்டு வந்தது எது தெரியுமா? காடிலாக்! போர்டு காரில் அது 1919-ல் தான் வந்தது. அதுவும் கூடுதல் விலைக்கு. போர்டின் பிடிவாதம் அத்தகையது. 1914 முதல் 1925 வரை கறுப்பைத் தவிர வேறு நிறமும் இல்லை. மக்கள் சலித்துப்போய் செவ்ரலே பக்கம் திரும்பினார்கள். நிறமும் அழகும் வேண்டும் என்பது கம்பெனிகள் புகுத்திய ஆசை மட்டுமே என்று சொல்ல முடியாது. மனித மனத்தில் இருப்பதுதான். போர்டு என்ற மனிதரையும் நான் போற்றவில்லை. தம் பத்திரிகையில் 1920 முதல் யூதர் மீது வெறுப்பைப் பரப்பி, 1927-ல் மன்னிப்புக் கேட்டவர் அவர். நான் வாதாடுவது வண்டிக்காக மட்டுமே.

ஒரு ஜோடி ஷூ

ஆனால் நண்பரின் கடைசி வாதம்தான் என்னை வாயடைக்க வைத்தது. அவர் வரலாற்றுத் துறை மாணவர். "நீ எஞ்சினைப் பார்க்கிறாய். நான் ஏறி உட்காருகிறவனைப் பார்க்கிறேன்" என்றார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் இதழான 'எபொனி' 1949-ல், கறுப்பின மக்கள் ஏன் காடிலாக் வாங்குகிறார்கள் என்ற பொருளில் தலையங்கமே எழுதியதை எடுத்துச் சொன்னார். நல்ல தெருவில் வீடு கொடுக்க மாட்டார்கள், நல்ல ஓட்டலில் இடம் கொடுக்க மாட்டார்கள், பேருந்தில் பின்னிருக்கைதான். எந்த ஊரில் யார் வீட்டில் தங்கலாம் என்று சொல்ல 1936 முதல் 'பச்சை நூல்' என்ற தனி வழிகாட்டியே அவர்களுக்குத் தேவைப்பட்டது. அத்தகைய நாட்டில், பணம் கொடுத்தால் வெள்ளையனுக்குக் கிடைக்கும் அதே சிறந்த பொருள் தனக்கும் கிடைக்கும் என்றால், அதை வாங்குவது வெறும் ஆடம்பரமா?

நான் பதில் சொல்லவில்லை. என் நினைவு வேறெங்கோ போய்விட்டது.

எங்கள் ஊரில் ஒரு தெரு இருக்கிறது. என் பாட்டனார் அந்தத் தெருவைச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடந்தவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். சேர்ந்த நாளன்று அப்பா கடன் வாங்கி எனக்கு ஒரு ஜோடி தோல் ஷூ வாங்கி வந்தார். "எதுக்குப்பா இது? ரப்பர் செருப்பே போதுமே" என்றேன். "போட்டுக்கிட்டுப் போ" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பேருந்து நிறுத்தத்துக்குக் குறுக்கு வழி இருந்தும், அன்று அந்தத் தெரு வழியாகத்தான் என்னை அழைத்துப் போனார்.

காலைக் காப்பதற்கு ரப்பர் செருப்பு போதும்தான். பயன் ஒன்றையே அளவுகோலாக வைத்தால் அந்த ஷூ வீண் செலவு. ஆனால் அதை வீண் என்று சொல்ல எனக்கு நா எழாது. அப்படியானால் காடிலாக்கை மட்டும் வீண் என்று எப்படிச் சொல்வேன்?

என் முடிவு

பல நாள் யோசித்த பின் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். மறுக்கப்பட்டவன் தனக்கு மறுக்கப்பட்டதைக் கேட்பது நியாயம். குற்றம் அவனிடம் இல்லை. ஆனால் அந்தக் காடிலாக் அவனுக்குப் பெருமை தந்தது எதனால்? மற்றவர்களிடம் அது இல்லாததால். எல்லோர் வாயிலிலும் ஒரு காடிலாக் நின்றிருந்தால் அந்தத் துடுப்பை யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? பிறருக்குக் கிடைக்காமல் இருப்பதையே தன் மதிப்பாகக் கொண்ட பொருளால் ஒரு மனிதனைத் தூக்கிவிட முடியும். ஒரு மக்கள் கூட்டத்தைத் தூக்கிவிட முடியாது.

இதற்கும் அந்த வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1955 டிசம்பரில் மாண்ட்கோமரி நகரத்துக் கறுப்பின மக்கள், பாகுபாடு காட்டும் நகரப் பேருந்துகளில் ஏற மாட்டோம் என்று உறுதி பூண்டார்கள். 381 நாள் அந்த உறுதி நின்றது. எப்படி நின்றது? பலர் மைல் கணக்கில் நடந்தார்கள். மற்றவர்களைச் சுமந்தவை கார் வைத்திருந்தவர்கள் மனமுவந்து கொடுத்த கார்களும், தேவாலயங்கள் வாங்கிய வண்டிகளும்தாம். அங்கே வெற்றி தேடித் தந்தது ஒரு காரின் பகட்டு இல்லை. பல கார்களின் எண்ணிக்கை. கார் என்பது செல்வரின் விளையாட்டுப் பொருள் என்ற நிலை மாறி, சாதாரண மக்களின் கைக்கு வந்ததால் அது முடிந்தது. அந்த வழியை முதலில் திறந்துவிட்டது விலை குறைந்துகொண்டே வந்த தகர லிஸ்ஸி அன்றோ?

என் ஷூவுக்கும் இதுதான் நீதி. அப்பா அன்று வாங்கித் தந்தது தேவையானதுதான். ஆனால் அந்தத் தெருவில் எல்லாக் கால்களும் செருப்போடு நடக்கும் நாளில், யார் காலில் என்ன இருக்கிறது என்று எவரும் குனிந்து பார்க்க மாட்டார்கள். அந்த நாளைக் கொண்டு வருவது ஒரு விலையுயர்ந்த ஷூ ஆகாது. எல்லோராலும் வாங்க முடிகிற செருப்பும், அதைப் போட்டு நடக்கும் துணிவும் ஆகும்.

ஆகவே என் தீர்ப்பு இது. இரண்டில் சிறந்தது மாடல் டி. குறையில்லாதது என்பதால் அதைச் சொல்லவில்லை. அதன் கைப்பிடி மணிக்கட்டை முறித்தது. அதன் தொழிற்சாலை மனிதனைச் சக்கரத்தின் ஒரு பல்லாக ஆக்கியது. ஆனால் அக்குறைகளை நீக்க முடிந்தது. கைப்பிடிக்கு மாற்றாகத் தொடக்கி வந்தது. தொழிலாளிக்குச் சங்கம் வந்தது. காடிலாக்கின் துடுப்பை நீக்கினாலோ அதன் சிறப்பில் பெரும் பகுதி போய்விடுகிறது. 1912-ல் மின்தொடக்கியைக் கொண்டு வந்த காடிலாக்கை நான் வணங்குகிறேன். 1959-ல் துடுப்பை உயர்த்திய காடிலாக்கை வியந்து பார்க்கிறேன், அவ்வளவே. வணக்கத்துக்கும் வியப்புக்கும் வேறுபாடு உண்டு.

மாணவ நண்பர்களே! நாளை நம்மில் சிலர் ஆய்வுக்கூடத்திலும், சிலர் தொழிற்சாலையிலும், சிலர் வகுப்பறையிலும் நிற்கப் போகிறோம். நாம் செய்யும் பொருளைப் பற்றி மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். இதை வாங்குகிறவருக்கு இது விளங்குமா? இதைச் செய்கிறவர் மனிதராக நடத்தப்படுகிறாரா? நாளைக்கு இன்னும் நூறு பேர் கையில் இது போய்ச் சேருமா? மூன்றுக்கும் ஆம் என்று சொல்ல முடிந்தால், அதில் துடுப்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன!

நண்பரின் சுவரில் காடிலாக் படம் இன்னும் இருக்கிறது. அதைக் கழற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் மட்டும் என் கட்டுரையின் முதற்படியைப் படித்துவிட்டு, "தீர்ப்பில் நான் ஒப்பவில்லை, ஷூ பற்றி எழுதியதை மட்டும் அடிக்காமல் விடு" என்றார். விட்டுவிட்டேன்.